மாமன் கல்யாணத்தில் சரண்

சரண் குறைமாசத்தில் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவனோடு ஒரு மெஷினும் வந்தது. நெஞ்சைச் சுற்றி மெத்தென்று ஒரு பட்டை, அதிலிருந்து மெஷினுக்கு ஒயர். தூக்கத்தில் பிள்ளை மூச்சுவிட மறந்தாலோ, இதயத் துடிப்பு குறைந்தாலோ அது கத்தும்.

"கத்துனா மொதல்ல பிள்ளையப் பாருங்க. அப்புறம் மெஷினப் பாருங்க," என்று மிஸ்ஸி (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு பொம்மையை வைத்துச் சுகுமாறனுக்கும் அவன் மனைவி தனேஸ்வரிக்கும் சொல்லிக்கொடுத்தார்.

மலேசியாவில், செரண்டா ஊரில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளுக்குச் சுவர் மெல்லியது. பட்டை கொஞ்சம் நழுவினாலும் மெஷின் ஊரைக் கூட்டிவிடும். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் புனிதவதி அக்கா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். எதிர்வீட்டு மகேந்திரன் பாதிச் சவரத்தில், முகமெல்லாம் நுரையோடு வந்து நின்றார். போகப்போக அவர்களுக்கும் பழகிவிட்டது. இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள்.

"ஒயரா, நெசமா?"

"ஒயருதான்கா!"

சுகுமாறனுக்கு மட்டும் பழகவே இல்லை. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்; எவ்வளவு பெரிய பாரத்தையும் கை நடுங்காமல் தூக்கி வைப்பான். பிள்ளையைத் தூக்கினால் வேர்த்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தனேஸ்வரியின் தம்பி செல்வாவுக்குப் பக்கத்து ஊரான ராசாவில் கல்யாணம் வந்தது.

"நீ போயிட்டு வா. நானும் பிள்ளையும் வீட்லயே இருக்கோம்," என்றான்.

"நாத்தனார் முடிச்சு நாந்தான் போடணும். அதுக்குள்ள பசிச்சா பால் நீங்களா குடுப்பீங்க? மெஷினோட போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு லா."

போனார்கள். மண்டபத்தில் பிள்ளையை வாங்க நீட்டிய கைகளுக்கெல்லாம் சுகுமாறன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையும் மெஷினுமாகப் பக்கத்து அறைக்குள் புகுந்துகொண்டான். பாயில் சரணை மல்லாக்கப் படுக்கவைத்தான். மாமியார் அமராவதி எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, எங்கிட்டயாச்சும் குடுங்களேன்."

"கை கழுவிட்டீங்களா அத்தை?"

"கழுவிக் கழுவி மருதாணியே அழிஞ்சிருச்சு!" என்று சிரித்துக்கொண்டே மேடைக்கு ஓடினார் அவர்.

வெளியே கெட்டிமேளம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் மெஷின் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. சிவப்பு விளக்கைத்தான் கண்டான். பட்டை நழுவியிருக்கும் என்று கை ஒயரை நோக்கிப் போனது. மிஸ்ஸி சொன்னது நினைவு வர, பிள்ளையைப் பார்த்தான்.

நெஞ்சு அசையவில்லை. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது.

"சரண்! டேய் சரண்!" உள்ளங்காலைத் தேய்த்தான். முதுகைத் தடவினான். பொம்மையின் வாயில் ஊதிப் பழகியதுபோல ஊதக் குனிந்தான். அதற்குள் பிள்ளை உடம்பைச் சிலுப்பி ஒரு மூச்சு இழுத்தான். பிறகு மேளத்தையே மிஞ்சும் ஓர் அழுகை.

"மேளத்துக்குப் பயந்துட்டான் போல," என்று வெளியே யாரோ சொன்னார்கள்.

மூன்றாவது முடிச்சைப் போட்ட கையோடு தனேஸ்வரி உள்ளே வந்தாள். விரலெல்லாம் மஞ்சள்.

"ஒயரா, நெசமா?"

"நெசம்," என்றான். அப்போதுதான் தன் கையைப் பார்த்துக்கொண்டான். நடுங்கவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

பட்டுவேட்டியும் பட்டுச்சேலையுமாக அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெஷினில் பதிவானதைப் பார்த்த டாக்டர், செய்ய வேண்டியதைச் சுகுமாறன் சரியாகச் செய்திருக்கிறான் என்றார். மருந்து கொடுத்து, பிள்ளையைச் சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார். சாயங்காலம் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் மாலையைக் கழற்றிய கையோடு அடுக்குச் சட்டியில் பாயசமும் வடையும் கொண்டுவந்தார்கள்.

"எங்கல்யாணத்துல என்னைய யாரும் பாக்கல மச்சான். எல்லாரும் இவனத்தான் கேக்குறாங்க!" என்றான் செல்வா.

சரண் தேறினான். கன்னம் உப்பியது. மெஷின் கத்துவது அருகி, பிறகு நின்றேபோனது. இனித் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, சுகுமாறன் மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுருட்டிக் கட்டி, திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனான்.

"இன்னும் ஒரு மாசம் வச்சிக்கவா மிஸ்ஸி?"

"இன்னொரு பிள்ள இதுக்குக் காத்துக்கிட்டிருக்கு," என்று மிஸ்ஸி சிரித்தார். உடனே கொடுத்துவிட்டான்.

திரும்பும் வழியில் கார்க் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தவனிடம், "மூச்சு நல்லாத்தான் விடுறான். நீங்க ரோட்டப் பாருங்க," என்றாள் தனேஸ்வரி. சற்றுத் தூரம் போய், "செண்டோல் கடை தெரியுது, நிப்பாட்டுங்க," என்றாள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து இருவரும் சேர்ந்து வெளியே எதுவும் சாப்பிட்டதில்லை. தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸுமாக ஆளுக்கொரு கிண்ணம் செண்டோல் வாங்கினார்கள். சரண் அவள் மடியில் தூங்கினான். சுகுமாறன் இன்னொரு கிண்ணத்துக்குக் கை காட்டினான்.