கிளியோஃபஸுக்குச் சேர வேண்டிய மூன்று வருடங்கள்

மெம்ஃபிஸ் நகரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த லாவெல் பெட்டிக்ரூவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, அவரை உடைந்துபோகாமல் பிடித்துக்கொண்டவர் டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரரான கிளியோஃபஸ்தான். இருவர் கையிலும் ஊசி குத்தியிருக்கும். ரத்தம் எந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய பிழைப்பு. முதல் மாதம் லாவெல் யாரோடும் பேசவில்லை, மனைவியோடுகூட. கிளியோஃபஸ்தான் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, உன் பஸ்ஸுக்கு எத்தனையோ வருஷம் நின்னிருக்கேன். ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கியா?"

லாவெல் சிரித்துவிட்டார். அதன்பிறகு அவர்கள் பேசாத விஷயமில்லை. சாப்பிடக் கூடாத கீரைகளைப் பற்றி, பேஸ்கட்பால் பற்றி, படுக்கையில் மனைவி பக்கம் திரும்பவே கூச்சமாயிருப்பது பற்றி. பயமாயிருக்கிறது என்று ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் சொல்லலாம் என்பதே லாவெலுக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

இருவரும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிளியோஃபஸ் காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில், இதயம் நின்றுவிட்டது. செவ்வாயன்று அவர் நாற்காலியில் வேறு யாரோ சாய்ந்திருந்தார்கள்.

அடுத்த வருடம் மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஹால்வர்சன் என்ற வெள்ளைக்கார அம்மாள் நிலையத்துக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவை வைத்துத்தான் சிறுநீரகத்தின் திறனை அளப்பார்கள்; லாவெல், கிளியோஃபஸ் போன்ற கறுப்பின மக்களுக்குத் தசை அதிகம் என்று எண்ணி, இத்தனை காலமும் அவர்களுடைய அளவைக் கொஞ்சம் கூட்டிக் கணக்கிட்டு வந்தார்களாம். அதனால் கெட்டுப்போன சிறுநீரகம்கூடக் காகிதத்தில் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வரிசையில் பெயர் ஏறத் தாமதமாகியிருக்கிறது. இப்போது அதை நீக்கியாயிற்று. வரிசையில் லாவெலின் பதிவுக்கு இரண்டு வருடம் முன்தேதியிட்டுத் தருவார்கள். சிலர் கைதட்டினார்கள்.

லாவெலுக்குக் காது சூடேறியது. பிரேக்கை மிதிக்க முடியாமல் கால் வீங்கிக் கிடந்த நாட்களில், இன்னும் அவசரமில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

"அப்போ என் தோலப் பாத்துட்டுத்தான் என் கிட்னி நல்லாருக்குன்னு சொன்னீங்களா?"

"அப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான் கணக்குப் போட்டாங்க, மிஸ்டர் பெட்டிக்ரூ. இப்ப சரி பண்ணிட்டோம்."

"கிளியோஃபஸுக்கும் சரி பண்ணுங்க."

இறந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றார் டாக்டர். பிரஷர் ஏறுகிறது, கோபப்படக் கூடாது என்று நர்ஸ் ஓடிவந்து தோளைத் தொட்டாள். கோபப்படாமல் இருந்துதான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார் லாவெல்.

அவர் விடவில்லை. கிளியோஃபஸின் மனைவி வெர்னிஸைப் போய்ப் பார்த்தார். கணவரின் பரிசோதனை முடிவுகளைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. இன்று வா, நாளை வா என்று அவளை அலைக்கழித்தார்கள். லாவெல் ஒவ்வொரு தடவையும் கூடவே போய் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஹால்வர்சன் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை முகத்தில் மலர்ச்சியில்லை. கிளியோஃபஸின் பெயர், வரிசையில் ஏறிய நாளுக்கு மூன்று வருடம் முன்பே ஏறியிருக்க வேண்டும் என்றார்.

"அதுக்குள்ள கிட்னி கிடைச்சிருக்குமா?" என்று கேட்டாள் வெர்னிஸ்.

டாக்டர் மேசையைப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

"இதக் கொண்டுபோய் வீட்ல எங்க வைக்கிறது, டாக்டர்?" என்றாள் வெர்னிஸ். அழவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

அடுத்த வசந்தத்தில் லாவெலுக்குச் சிறுநீரகம் கிடைத்தது. திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு வருடம்தான் வரிசையில் அவரை முன்னே தள்ளியது. தேவாலயத்தில் எல்லாரும் நன்றியோடு இருக்கச் சொன்னார்கள். விபத்தில் இறந்த மகளின் சிறுநீரகத்தைத் தந்த முகம் தெரியாத குடும்பத்துக்கு அவர் தினமும் நன்றி சொல்கிறார். கணக்குப் போட்டவர்களுக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

திருத்திய கணக்கைப் பற்றிப் படமெடுக்கிறோம், கேமரா முன்னால் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள். வருகிறேன், ஆனால் வெர்னிஸ்தான் முதலில் பேசுவாள் என்றார் லாவெல். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவே இல்லை.