நான்காவது கோடு

"கோணலாப் போகுது, நேரா இழுங்க," என்றார் டீச்சர்.

அவன் மார்க்கரை அழுத்திப் பிடித்து மூன்றாவது கோட்டைப் பலகையின் அடிவரை இழுத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் அவனைவிட இளையவர்கள். முப்பத்தாறு வயதில் பலகை முன்னால் நிற்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆறு வருடங்களாக அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. படம் போடக் கற்றுக்கொண்டால் வடிவமைக்கும் குழுவுக்கு மாற்றுவதாக மேலாளர் சொன்னதால் இந்தச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்திருந்தான்.

வீடு கட்டுவதற்கு முன் பிளான் போடுவதுபோல மென்பொருளுக்கும் போடுவார்கள். அதற்கென்றே ஒரு குறியீட்டு மொழி இருந்தது. இன்றைய படத்தில் ஆளுக்கொரு கோடு. நேரம் மேலிருந்து கீழே ஓடும். ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டால் முழு அம்பு; பதில் திரும்பி வந்தால் விட்டுவிட்டுப் போட்ட அம்பு.

"பதிலே வரலைன்னா அந்த அம்பை எடுத்துடலாமா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எதை எடுப்பீங்க? கேட்டது கேட்டதுதான். பதில் வரலைங்கறதும் படத்துல தெரியணும். தெரியலைன்னா பொய் சொல்ற படம் அது."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கதவருகே ஒரு பிளாஸ்டிக் தட்டில் பன்னிரண்டு போன்களும் ஒலி அடக்கப்பட்டுக் கிடந்தன. அது அந்த வகுப்பின் சட்டம்.

காலையில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தான். பித்தப்பையை எடுத்து மூன்று நாளாகியிருந்த அண்ணன், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வயரிங் வேலை செய்கிறவன். "இருபது வருஷமா நானும் சுவத்துல கோடு போட்டுட்டுதான் இருக்கேன், ஒருத்தனாவது சர்டிபிகேட் குடுத்தானா?" என்று சிரித்தவன் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "போடா, கிளாஸுக்கு நேரமாச்சு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

அண்ணி மூன்று நாளாகப் பெஞ்சில்தான் தூங்கியிருந்தாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துவிட்டு வருவதாக ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். அவளுடைய போன் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது. அதனால் சேர்க்கும்போதே படிவத்தில் அவன் தன் எண்ணை எழுதியிருந்தான். "எதுன்னாலும் எனக்குத்தான் வரும் அண்ணி. நான் பாத்துக்கறேன்."

பதினொன்றே காலுக்கு இடைவேளை விட்டார்கள். தட்டிலிருந்து போனை எடுத்தான். பத்து ஐந்துக்கு ஓர் அழைப்பு, பத்துப் பன்னிரண்டுக்கு ஒன்று, பத்து இருபதுக்கு ஒன்று. மூன்றும் ஆஸ்பத்திரி எண். திரும்ப அழைத்தால் லைன் பிஸி. படியிறங்கி ஓடி ஆட்டோ பிடித்தான். பாதி வழியில் அண்ணியின் அண்ணன் போனில் கூப்பிட்டார். தையல்கடைக்காரர், நிதானமாகப் பேசுகிற மனிதர்.

"தம்பி, எங்க இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன். என்ன ஆச்சு?"

"மெதுவா வாப்பா. இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல."

போன் மடியில் விழுந்தது. எடுத்தபோது திரையில் அந்த மூன்று அழைப்புகளும் சிவப்பாக நின்றன. கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி அழித்தான். ஏன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வார்டில் அண்ணனின் கட்டிலுக்கு அதற்குள் புது விரிப்பு போட்டுவிட்டார்கள். அண்ணி கண்காணிப்பாளர் அறையில் இருந்தாள். அழவில்லை. குரல் மட்டும் உடைந்து போயிருந்தது.

"பதினோரு மணிக்கு வரேன், கட்டில் காலியாக் கெடக்குது. எங்கன்னு கேட்டா யாரும் வாயத் தொறக்கல. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, மறுபடியும் தொறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? நாங்க என்ன அனாதையா?"

சுவரோரம் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். "மூணு தடவை போன் போட்டேங்க்கா. கையெழுத்து போட ஆள் வேணும்னுதான்..."

"பொய் சொல்லாதம்மா," என்றார் தையல்கடைக்காரர். "தம்பி போனைக் கீழயே வைக்க மாட்டான்."

கண்காணிப்பாளர் களைப்பாக இருந்தார். அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்து இல்லாமலேயே ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போனதாகவும், மேஜையில் ஏற்றும்போதே நாடி நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

"அந்த அரைமணி நேரம் வீணாகாம இருந்திருந்தா?" என்றாள் அண்ணி.

"உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா." நர்ஸைப் பார்த்தார். "போன் பண்ணதை நோட்டுல எழுதலை. அது தப்புதான். நீங்க புகார் எழுதிக் குடுத்தா இன்னிக்கே இவங்களை வேலையை விட்டு நிறுத்திடறோம்."

தையல்கடைக்காரர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அவனிடம் தாளை நீட்டினார். "நீயும் ஒரு கையெழுத்து போடுப்பா. படிச்சவன் போட்டா வெயிட்டு."

பேனாவை வாங்கிக்கொண்டான். 'குடும்பத்தாருக்கு எவ்விதத் தகவலும் தரப்படவில்லை' என்ற வரியிலேயே அவன் கண் நின்றது. நர்ஸ் அவனைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு இதுல தெளிவா இல்லையே," என்றார் கண்காணிப்பாளர்.

அவன் தாளைத் திருப்பினான். வெற்றுப் பக்கத்தில் மூன்று கோடுகளை மேலிருந்து கீழாக இழுத்தான். எதுவும் நேராக வரவில்லை. முதல் கோட்டுக்கு மேலே அண்ணன் என்று எழுதினான். அடுத்து நர்ஸ், அடுத்து டாக்டர். "வலின்னு அண்ணன் சொன்னது எப்போ?" நர்ஸ் சொன்னாள்: ஒன்பது ஐம்பது. அம்பு போட்டான். "டாக்டர் வந்தது?" பத்து மணி. அம்பு. "ஆளைக் கூப்பிடச் சொன்னது?" உடனே. அம்பு.

பிறகு நான்காவதாக ஒரு கோடு போட்டான். நர்ஸின் கோட்டிலிருந்து அதற்கு மூன்று அம்புகள் இழுத்து, பத்து ஐந்து, பத்துப் பன்னிரண்டு, பத்து இருபது என்று எழுதினான். திரும்பி வரும் அம்பு எதுவும் போடவில்லை.

அவள் சொல்லாத நேரத்தை அவன் எழுதுவதைப் பார்த்து நர்ஸ் நிமிர்ந்தாள்.

"இந்த நாலாவது யாரு?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான்."

வெளியே தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"கிளாஸ்ல இருந்தேன். போனை வாங்கி வச்சிடுவாங்க. மூணு கால் வந்திருந்துது. வர்ற வழியில அழிச்சிட்டேன்."

தையல்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். அந்தப் படத்தைப் படிக்க யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளை மேஜையில் வைத்துவிட்டு தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சின்னவ சாப்பிட்டாளான்னு பக்கத்து வீட்டுல கேளுங்கண்ணே. தோசையை அப்படியே வச்சுட்டு வந்தேன்."

அவனை அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மாடிப்படியருகே நர்ஸ் அவனுக்காக நின்றிருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துப் பயந்தான். அவள் சொன்னது வேறு.

"அவருக்கு நினைவு இருந்துச்சுங்க. ஒவ்வொரு தடவையும், 'எடுப்பான், இன்னொரு தடவை போடும்மா, கண்டிப்பா எடுப்பான்'னு சொல்லிட்டே இருந்தாரு." கொஞ்சம் தயங்கினாள். "சொல்லாம இருக்கலாம்னுதான் நினைச்சேன்."

"இல்ல," என்றான். "சொன்னது நல்லதுதான்."

மூன்று மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். வேனில் தையல்கடைக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் இரண்டு பக்கமும் நீளப் பலகைகள், நடுவில் அண்ணன். அண்ணி ஒரு பக்கம் உட்கார்ந்தாள். அவன் வெளியிலேயே நின்றான். "ஏறுங்க," என்றாள் அண்ணி, அவனைப் பார்க்காமல். ஏறி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான்.

வேன் பெரிய சாலைக்கு வந்ததும் வேகமெடுத்தது. ஜன்னல் ஒன்று மூட வரவில்லை. காற்று புகுந்து வெள்ளைத் துணியைத் தூக்கியது. அண்ணி தன் பக்கத்து ஓரத்தை இழுத்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு வெளியே பார்த்தாள். அவன் பக்கத்து ஓரம் முழங்காலில் பட்டுப் பட்டு விலகிக்கொண்டிருந்தது. பிடிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை நீட்டினான், துணிக்கு ஓர் அங்குலம் மேலே அது அப்படியே நின்றது.