மூன்றாவது பெஞ்சின் சமநிலை விலை

முதலாமாண்டு பி.ஏ. பொருளியல் வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபேனுக்கு விலை வைத்துக் கெடுத்தவன் நான்தான். அதுவரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சமயநல்லூர் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டிய கல்லூரி. அங்கே நான் பதினோரு மாத ஒப்பந்த விரிவுரையாளன். பன்னிரண்டாவது மாதம் நான் யாரென்று கல்லூரிக்குத் தெரியாது. வகுப்பில் மொத்தம் நாலு ஃபேன், அதில் மூன்று அலங்காரத்துக்கு. ஓடுகிற ஒன்று பெண்கள் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சின் ஓர இடத்துக்கு நேர் மேலே இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் அந்த ஓர இடத்துக்கு இருபத்துநாலு பெண்களும் தினமும் பையை எறிந்து சண்டை போட்டார்கள். பையன்கள் பக்கம் காற்றே வராது. அவர்கள் அதைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பாடம், சமநிலை விலை. தேவைக் கோடு இறங்க, அளிப்புக் கோடு ஏற, பலகையில் ஒரு பெரிய பெருக்கல் குறியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததும் ஓர் உதாரணம் சொன்னால் நல்லது என்று தோன்றியது. எனக்கு இப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு யாரும் இல்லை.

"அந்த ஓர சீட்டு இப்ப இலவசம். அதான் அடிதடி. அதுக்குன்னு ஒரு விலை வந்துட்டா, யாருக்கு ரொம்ப வேணுமோ அவங்க கைக்குப் போயிரும். சண்டையே இருக்காது" என்றேன்.

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நாள் முறை. தனக்கு வேண்டாம் என்றால் அந்த முறையை இன்னொருத்திக்கு விற்கலாம். காசு மட்டும் கூடாது, வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இதுதான் நான் போட்ட சட்டம்.

முதல் வாரம் பிரமாதமாக நடந்தது. ஒரு முறைக்கு இரண்டு கடலை மிட்டாய் என்று விலை தானாக வந்து நின்றது. வில்லாபுரத்தில் என் வீடு. வீட்டுக்கு வண்டியில் போகும்போது சிக்னலில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் வாரம் கடைசி பெஞ்சு கருத்தக்கண்ணன் சந்தைக்குள் புகுந்தான்.

"ஏப்பா, உங்க பக்கம் காத்தே வராது. உனக்கு இதுல என்ன சோலி?" என்று கேட்டேன்.

"விக்கிறவங்களுக்கு வாங்குறது யாருன்னு தெரியணும்ல சார். ரெண்டு பேரையும் கோத்து விடுறேன். நம்மளுக்கு ஒரு முட்டாய்."

அரை மணி நேரம் நான் நடத்தியதை அவன் ஒரே வரியில் நடத்திவிட்டுப் போனான்.

மூன்றாம் வாரம் சந்தை அடங்கிவிட்டது. அந்த இடத்தில் தினமும் ஆர்த்திகா மட்டுமே உட்கார்ந்திருந்தாள். செல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற, வாயே திறக்காத பெண். என்ன விலை கொடுத்தாள் என்று கருத்தக்கண்ணனிடம் கேட்டால், "அம்புட்டு டிமாண்டு சார்" என்று நழுவினான்.

உள்மதிப்பீட்டுக்கான கட்டுரைகள் வந்தபோதுதான் விலை தெரிந்தது. பெண்களின் இருபத்துநாலு கட்டுரைகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. ஒரு பெண்ணுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தால், பருவம் முடியும்வரை அவளுடைய முறையெல்லாம் ஆர்த்திகாவுக்கு. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் இருபத்துநாலிலும் 'நன்று' போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தேன். கண்டுபிடித்தவர் எங்கள் துறைத்தலைவர் மீனலோசனி மேடம்.

ஆர்த்திகாவையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் நீயே எழுதுனியா?"

"ஆமா மேடம்" என்றாள் ஆர்த்திகா.

"யாராச்சும் மிரட்டுனாங்களா?"

"இல்ல மேடம்."

"பின்ன, ஒரு ஃபேன் காத்துக்கா இம்புட்டும்? நம்புற மாதிரியா இருக்கு? உண்மையான காரணத்தைச் சொல்லு, விட்டுடறேன். சொல்லலைன்னா முறைகேடுன்னு எழுதி ஹால் டிக்கெட்டை நிறுத்த வேண்டியதுதான். ஒரு வருசம் வீணாப் போயிரும்மா."

ஆர்த்திகா மேடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"மேடம், நுகர்வோர் உபரின்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க செத்த சும்மா இருங்க சார்."

வெளியே வந்ததும் கேட்டேன். "யாரைம்மா காப்பாத்துற? கருத்தக்கண்ணனையா?"

"அய்யே, அவனையா?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மாதான் சார். விடுங்க."

கருத்தக்கண்ணனைப் பிடித்தேன். "எதுக்கு வாங்குறன்னு வாங்குறவங்களைக் கேக்கக் கூடாது சார். யாவாரம் கெட்டுரும்" என்றான்.

ஹால் டிக்கெட் கொடுக்க நாலு நாள் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. வெறும் காற்றுக்காக ஒருத்தி ஒரு வருடத்தைத் தொலைப்பாள் என்று எந்தக் கோடும் சொல்லாது. ஆனால் கோட்டைப் போட்டவன் நான். மூன்றாம் நாள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போய் மேடத்திடம் நீட்டினேன். சந்தையைத் திறந்தவன் நான், கட்டுரையை விலையாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல மறந்தவனும் நான், அந்த மாணவி என் சட்டப்படிதான் நடந்தாள் என்று எழுதியிருந்தேன்.

மேடம் இரண்டு முறை படித்தார். "அடுத்த வருச ஒப்பந்தத்துக்கு உங்க ஃபைலைத் திறந்தா முதல்ல இதுதான் இருக்கும். தெரியும்ல?"

"வாய்ப்புச் செலவு மேடம். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும்" என்றேன். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. வெளியே போய் நின்று, ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினேன்.

ஹால் டிக்கெட்டை நிறுத்தாமல் இருக்க மேடம் ஒரு நிபந்தனை போட்டார். இருபத்துநாலு பேரும் அவர் முன்னால் உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டும். எழுதினார்கள். இருபத்துமூன்று பேர் எந்தக் கோடு ஏறும், எது இறங்கும் என்று பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள். ஆர்த்திகா அரை மணியில் முடித்துவிட்டாள். மேடத்துக்குச் சந்தேகம், மனப்பாடமோ என்று.

"அந்த சீட்டையே எடுத்துக்க. கரண்டு போன அன்னைக்கு அதோட விலை என்னாகும்?"

"சீட்டு அதே ஒண்ணுதான் மேடம், அளிப்பு மாறாது. தேவைக் கோடே இடது பக்கம் நகந்துரும். விலை விழுந்துரும்."

"அப்ப விலை விழுந்ததால தேவை கூடுமே?"

"அதே கோட்டு மேல நகர்றது வேற மேடம். கோடே நகர்றது வேற."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே. நல்லாத்தான் நடத்தியிருக்கீங்க சார்."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்துக்கு அவ்வளவு நல்ல சந்தர்ப்பம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

ஹால் டிக்கெட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆர்த்திகா வெளியே வந்தாள். மடித்துப் பைக்குள் பத்திரமாக வைக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லும்மா. மேடம் அம்புட்டுக் கேட்டும் வாயத் திறக்கல. அப்படி என்னதான் காத்து வருது அங்க?"

அவள் மேடத்தின் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"காத்துக்காக இல்ல சார். மேடம் முன்னாடி அதை எப்படிச் சொல்றது? அந்த ஃபேன் போடுற சத்தத்துல, அதுக்குக் கீழ உக்காந்தா நீங்க நடத்துறது கேக்காது. கேட்டா எனக்குக் கொழம்பிருது சார். வராம இருந்தா அட்டெண்டன்ஸ் போயிரும். அதான் அங்க உக்காந்து புக்கை நானாப் படிச்சேன். படிச்சாப் புரியுது சார்."