எட்டாவது ரீல்

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பின்னால் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே நிச்சயமில்லை. பொன்னழகு என்னை ஆலைக்குக் கூப்பிட்ட அன்று சிரித்ததாக நினைவு. சிரிக்காமலும் இருந்திருக்கலாம். கோபம் ஏழு வருடம் உள்ளே கிடந்தால் முகங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுகிறது.

நான் ஒரே ஒரு படம் இயக்கினேன். தயாரித்தவர் பொன்னழகு. நாட்டரசன்கோட்டைப் பக்கம் நிலம் நீச்சு, காரைக்குடியில் அரிசி ஆலை. படத்தின் எட்டாவது ரீலில், கணவனின் பிணம் கூடத்தில் கிடக்கும்போதே ஒரு அண்ணன் தங்கையிடம் கைநாட்டு வாங்கி அவள் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறான். பொன்னழகு தன் தங்கை விசாலத்திடம் அப்படித்தான் வாங்கினார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவரிடம் கதை சொன்னபோது அந்தக் காட்சியை மட்டும் நான் சொல்லவில்லை.

முதல் பிரதியைப் பார்த்தார். பாதியில் எழுந்து போனார். மறுவாரம் எட்டாவது ரீல் இருந்த இடத்தில் வேறு யாரோ எடுத்த நகைச்சுவை ரீல் இருந்தது. 1992 தீபாவளிக்கு வந்த படம் ஆறு நாள் ஓடியது. அருள்பிரகாசத்துக்கு, அதாவது எனக்கு, படம் எடுக்கத் தெரியவில்லை என்று பொன்னழகே பத்திரிகையில் சொன்னார். அதன் பிறகு எந்தத் தயாரிப்பாளரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. வெட்டி எறிந்த ரீலை டப்பாவோடு கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி மெர்சி அது என்னவென்று கேட்கவில்லை.

94 தையில் பொன்னழகின் மகள் சத்தியப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவகோட்டையில் பெரிய இடம். சம்பந்தி சினிமா எடுத்தவர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத் தாம்பூலப் பையில் தேங்காயோடு படத்தின் வீடியோ கேசட்டையும் போட முடிவு செய்தார். பிலிமை வீடியோவுக்கு மாற்றும்போது நிறமும் வெளிச்சமும் சரிபார்க்க இயக்குநர் கூட இருக்க வேண்டும் என்று சென்னை லேபில் சொல்லிவிட்டார்கள். என்னை ஆலைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"சும்மாதானப்பா இருக்க. போயி ஒக்காந்து பாத்துக் குடுத்துட்டு வா. அட்டையில ஒம்பேரையும் சின்னதாப் போடச் சொல்றேன்."

"செய்யிறேண்ணே" என்றேன். என் குரல் அவ்வளவு பணிவாக இருந்ததை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

லேபில் மூன்று நாள். நகைச்சுவை ரீலை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து கொண்டுபோன என் ரீலை ஏற்றச் சொன்னேன். இயக்குநரே சொல்லும்போது ஆபரேட்டருக்கு என்ன சந்தேகம் வரும்? இருட்டாக இருந்த கூடத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினோம், அண்ணனின் முகம் நன்றாகத் தெரியும்படி. அறுநூறு கேசட். பொன்னழகு ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. தன் படம்தானே, பார்த்ததுதானே என்று இருந்துவிட்டார்.

கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டேன். வாசலில் நின்று பைகள் போவதைப் பார்த்தேன். ஞாயிறு மதியம் கேபிள்காரர் அலெக்ஸ் தனக்குக் கிடைத்த கேசட்டை ஊர் முழுக்க ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை விசாலம் அரியக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர் கதையை எடுக்கிறேன் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மெர்சி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"படத்துல அந்தப் புள்ள அழுகுது. நான் அழுகல தம்பி" என்றார். "கைநாட்டும் வைக்கல. எட்டாப்பு படிச்சவ நான். வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டாத்தான் அவுகளத் தூக்க விடுவேன்னு வாசல மறிச்சு நின்னான்."

தப்பாக எடுத்துவிட்டேன் என்றேன்.

"இருக்கட்டும். இன்னும் நாலு கேசட்டு இருக்கா? சம்பந்தி வீட்டாளுக சிங்கப்பூர்ல இருக்காக. அவுகளுக்குப் பை போயிருக்காது."

ஆறு கொடுத்தேன்.

பொன்னழகு என்மேல் வழக்குப் போடவில்லை. போட்டால் அந்த அண்ணன் யாரென்று கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும். சம்பந்தி வீட்டார் அவர் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்கள். 96இல் ஆலையை விற்றுவிட்டு மதுரைக்குப் போனார். சத்தியப்பிரியா தேவகோட்டையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அப்பாவிடம் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை. விசாலத்துக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. போன வருடம் அரியக்குடியில் இறந்தார். அண்ணனை உள்ளே விடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். விடவில்லை. மெர்சி பள்ளிக்கூடம் போய் வருகிறாள். நான் அதன்பின் படம் எடுக்கவில்லை.