தொண்ணூற்றொரு சதவீதத்தில் தாய்மாமன்

1

இது என் கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட் பாதியில் நின்றுபோன என் வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைக்குடியில் தாஹாவின் டிவி ரிப்பேர் கடைக்குப் போனேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கம்ப்ளைண்ட்டாண்ணே? ஒரு அக்கா வீட்டு டிவிய கேளுங்க" என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் என் டிவி சரியாகிவிட்டது. கேட்ட கதைதான் மூன்று மாதமாகச் சரியாகவில்லை.

தொடங்கிப் பார்த்தவை:

"பூமயில் ரிமோட்டை எடுத்து" (பூமயில்தான் அந்த அக்கா. ரிமோட்டில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"கடல்காற்று வீசும் அந்தக் கிராமத்தில்" (ஊர் கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. சுற்றிலும் மிளகாய்க்காடு. கடல்காற்று எனக்குத்தான் தேவைப்பட்டது, பூமயிலுக்கு இல்லை.)

நேராகவே சொல்கிறேன்.

2

பூமயிலின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் கூத்தையா சூரத்தில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார். எண்ணெய் டின் இறக்கும்போது வழுக்கி விழுந்து, காலில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறார். வர முடியாது.

இதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு கூத்தையா வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பத்திரிகையில் பூமயிலின் கணவர் வீரமணியின் பெயர் விடுபட்டுப் போனது. கூத்தையா அச்சகத்துக்காரரைச் சொன்னார், அச்சகத்துக்காரர் கூத்தையாவைச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. கூத்தையா போன் பண்ணுவார். அடிப்பதைப் பார்த்துக்கொண்டே பூமயில் சும்மா இருப்பாள். ஒரு வருடம் அடித்துப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார்.

கல்யாணச் சீராகக் கூத்தையா வாங்கித் தந்த ஸ்மார்ட் டிவி சுவரில் இருந்தது. வீரமணி அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினார். பரணில் கிடந்த பழைய டப்பா டிவியை இறக்கி, அதற்குக் கீழேயே வைத்து மூன்று வருடம் செய்தி பார்த்தார்.*

(* டிவி அதுபாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருட அப்டேட் மட்டும் பாக்கி.)

காதுகுத்துக்காகப் பூமயில்தான் முதலில் பேசினாள்.

"அண்ணே, நாந்தான்."

"ஏத்தா, இப்பத்தான் நம்பரு தெரிஞ்சுச்சாக்கும்?"

கால் உடைந்தது அதற்கடுத்த வாரம். பூமயிலின் சித்தப்பா மகன் மாரீஸ்வரன் இருக்கிறான், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று வீரமணி சொன்னார். கூத்தையாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நா டிவில வாரேன். போன்ல வந்தா கூட்டத்துல எவன் பாப்பான்? ஆள் அளவுக்குத் தெரியணும்த்தா. நா வாங்குன டிவிதான?"

டிவிக்கு மடி கிடையாது. அதையும் அவர் யோசித்திருந்தார். தன் பட்டுவேட்டியைக் கூரியரில் அனுப்பினார். டிவிக்கு முன்னால் பலகை போட்டு, அதில் வேட்டியை மடித்து விரித்துப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டியது. அதுதான் மடி.

3

போர்வையை எடுத்தார்கள். டிவி எரிந்தது. வீடியோ காலுக்குப் போனால், முதலில் மென்பொருளைப் புதுப்பிக்கவும் என்றது. பூமயில் தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. மறுநாள் ஐம்பத்தெட்டு. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள். வைஃபை பெயரை அழித்துப் புதிதாகப் போட்டாள். நின்றால் முதலிலிருந்துதான்.

"ஒங்க அண்ணன் வாங்குனதுல்ல? அதான் பாதியில நிக்கிது" என்றார் வீரமணி.

"நீங்க போத்திவிட்டீகள்ல? அது இன்னும் முழிக்கல" என்றாள் பூமயில்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. விசேஷ வீட்டுப் பெண், வேலையை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவாளா? தாஹாவிடமே கேட்டேன். "எங்க ஒக்காந்தாக? ஒலைய வச்சிட்டு வந்து பாப்பாக, புளியக் கரச்சிட்டு வந்து பாப்பாக." உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன்.)

4

விசேஷத்தன்று காலை எட்டரைக்குத் தாஹா போனான். பென்டிரைவில் ஏற்றலாம் என்றால் அந்த மாடலுக்குக் கம்பெனி ஃபைலே போடவில்லை. அவன் சிம்முக்கு அந்த ஊரில் ஒரு கோடுகூட வராது. வீரமணியிடம் இருப்பது பட்டன் போன். வந்திருந்த சொந்தக்காரர்கள் யார் போனிலும் நெட் எடுக்கவில்லை. பூமயிலின் போன்தான் கதி.

இருபத்திரண்டு ஆனபோது போன் அடித்தது. பூமயில் எடுத்தாள்.

"ஏத்தா, எம்புட்டு ஆச்சு?"

"இருவத்திரெண்டுண்ணே."

"மூணு நாளா ஒங்கூட பேசுறதுல கால் வலியே தெரியல போ."

டிவி நின்றது. தாஹா போனைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான்.

"அக்கா, நெட்டு எந்த சிம்முல?"

"புதுசுல."

"அண்ணன் எதுல கூப்புடுறாரு?"

"பழசுல. அந்த நம்பருதான அவருக்குத் தெரியும்?"

"அம்புட்டுத்தான். ஒரு சிம்முல பேசுனா இன்னொண்ணுல நெட்டு அந்துரும். அடிக்கிற நேரத்தத் தாங்கிக்கிரும். எடுத்துப் பேசுனீகன்னா போச்சு."

அப்டேட் ஆகிவிட்டதா என்று கேட்டுக் கூத்தையா அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் ஆகவில்லை.

"பழைய சிம்ம அமத்திப் போடுங்கக்கா. ஒரு மணி நேரந்தான."

"அமத்துனா அவருக்கு என்ன கேக்கும்?"

"சுவிட்ச் ஆஃப்னு கேக்கும்."

"வேணாம்."

"அப்பக் கூப்புடாதீகன்னு சொல்லிருங்க."

"ஒரு வருசம் அடிக்க அடிக்க எடுக்காம இருந்தவ தம்பி நானு. இப்பக் கூப்புடாதன்னு எந்த வாயால சொல்ல?"

(நீங்களும் சொல்வீர்கள், சொல்லிவிட்டால் போச்சே என்று. நானும் தாஹாவிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.)

ஒன்பதரையிலிருந்து கூத்தையாவுக்குக் காலில் கட்டு மாற்றுவார்கள், போன் கையில் இருக்காது என்றாள் பூமயில். அந்த நேரத்தை நம்பிக் கடைசியாக ஒருமுறை போட்டார்கள். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிள்ளை வேட்டியின் சரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பத்தேகால். தொண்ணூற்றொன்று.

போன் அடித்தது. பழைய நம்பர்.

5

தாஹா எனக்கு முடிவைச் சொன்னான். நான் அதை எழுதப்போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில், அவள் எடுக்கவில்லை என்று எழுதினேன். டிவி நூறு ஆனது. சுவரில் கூத்தையா ஆள் அளவுக்கு வந்தார். காது குத்தி, பிள்ளை அழுது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் என்ன எழுதியும் அவர் முகத்தைச் சிரிக்க வைக்க முடியவில்லை. அந்த மணி முழுக்க அடித்து ஓய்ந்ததைக் கேட்டுவிட்டு வந்த முகம் அது.

பிறகு, எடுத்தாள் என்று எழுதினேன். டிவி நின்றது. மாரீஸ்வரன் மடியில் காது குத்தினார்கள். கூத்தையா போனில் பிள்ளை அழுவதைக் கேட்டார். "யாரு மடித்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பூமயில் சொல்ல வேண்டிய பதிலை நான் பதினோரு தடவை எழுதி அடித்திருக்கிறேன்.

ஆகவே பேனாவை வைத்துவிட்டேன். (பேனா இல்லை, போன்தான்.)

வீரமணி அவளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

"யாரு? மச்சானா?"

மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது இதுதான் முதல் தடவை. அதையும் கேட்டுக்கொண்டுதான் பூமயில் நிற்கிறாள். டிவியில் தொண்ணூற்றிரண்டு. ஆறாவது மணி அடிக்கிறது. பத்தோடு நின்றுவிடும்.

உங்களுக்கு அண்ணன் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.