வால் வண்டி

ஞாயிற்றுக்கிழமை பைக் சவாரிக்கு அந்த நண்பர் கூட்டம் வைத்திருந்த விதிகள் மொத்தமே இரண்டு. சாலை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர்களில் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கடைசியாக வருகிற வண்டிக்கு வால் என்று பெயர். வால் கடந்து போய்விட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம், நிற்கிறவர் கிளம்பிவிடலாம். ஆகவே வால் யாரையும் முந்தக் கூடாது. தலை போகிற அவசரமானாலும் கூடாது.

வாலாக வருகிறவர் இடது கையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணி உண்டு. அதை வெட்டித் தைத்துக் கொடுத்தவன் கட்டிங்தான். தையற்கடையில் துணி வெட்டுகிற வேலை அவனுக்கு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வண்டியை வெட்டி வெட்டி ஓட்டுகிற பழக்கமும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து நண்பர்கள் வைத்த பெயர் அது. புதிதாகக் கேட்கிறவர்கள் அவனைக் குடிகாரன் என்றே நினைத்துக்கொள்வார்கள். அவன் டீயைத் தவிர வேறொன்றும் தொடாதவன்.

அந்த ஞாயிறு அவன் மனைவிக்கு முதல் சவாரி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முப்பத்தெட்டு வயதில், ஆறு மாதம் காலையில் காலி மைதானத்தில் விழுந்து எழுந்து வண்டி பழகியிருந்தாள். "வாரா வாரம் நீங்க மட்டும் மலை, அருவின்னு சுத்தறீங்க, நான் துணி துவைக்கிறேன். நல்லா இருக்கு நியாயம்!" என்று அவள் கேட்டபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நண்பர்களிடம் ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தான்: "எங்க வீட்டம்மா வரட்டும், அப்பறம் பாருங்கடா."

வந்தாள். நாற்பதுக்கு மேல் முள் நகரவில்லை.

"கட்டிங், இன்னைக்கு நீதான் வால். தங்கச்சிக்குப் பின்னாடியே வா" என்றார் கேப்டன். அவர் குழாய் வேலை செய்கிறவர். அவருடைய வண்டிதான் எப்போதும் முதலில் போகும். பல் டாக்டர் அம்மா இரண்டாவது. மூன்றாவது பேக்கரிக்காரன். பிறகு மனைவி, பிறகு அவன்.

சமவெளி முடியும்வரை பொறுத்துக்கொண்டான். மலை தொடங்கியது. வளைவுக்கு நூறு அடி முன்பே அவள் இண்டிகேட்டர் போட்டாள், வேகம் குறைத்தாள், வளைந்து முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்க மறந்தாள். ஒரு தண்ணீர் லாரி அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டு போனது. அதன் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, தள்ளி விடவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

கட்டிங்குக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. மேலே மற்ற மூவரும் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். வாரம் முழுவதும் மேஜை முன் குனிந்து நிற்பவனுக்கு அந்தப் பதினொரு வளைவுகள்தான் ஞாயிற்றுக்கிழமை. அவள் பக்கத்தில் வண்டியை ஒட்டினாற்போல் கொண்டுவந்தான்.

"நேர் ரோடுதான். மெதுவா வா. மேல பார்க்கலாம்!"

"என்னங்க?"

"மேல பார்க்கலாம்னேன்!"

அவள் தலையாட்டினாள். அவன் முந்தினான்.

ஏழாவது வளைவு தாண்டிச் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மேலேறினால் அருவி தெரியும் முனை. வலப்பக்கம் கல்குவாரி வழியாக வேறெங்கோ போகும். பிரிவில் பேக்கரிக்காரன் நின்றிருந்தான். கட்டிங் பழக்க தோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் பேக்கரிக்காரனின் விளக்கு தெரிந்தது. போட்டிக்கு வருகிறான் என்று நினைத்து, இன்னும் முறுக்கினான்.

முனையில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது கேப்டன் கேட்டார்.

"தங்கச்சி எங்க?"

பின்னாலேயே வந்து நின்றான் பேக்கரிக்காரன். அவனைக் கண்டதும்தான் கட்டிங்குக்கு உறைத்தது. பிரிவில் யாரும் இல்லை. தன் கையில் இருந்த துணியைப் பார்த்துத்தான் இவன் கிளம்பி வந்திருக்கிறான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வரி. ஆனால் வாலாக இருந்தவன் பெண்டாட்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வளைவு ஓட்ட வந்துவிட்டான் என்பதை எந்த வாயால் சொல்வது?

"எனக்கு முன்னாடிதானே இந்தப் பக்கம் திரும்பினா" என்றான். "இங்க வரலையா?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே திக்கென்றது.

"முன்னாடியா?" கேப்டன் பேக்கரிக்காரனிடம் திரும்பினார். "டேய், தங்கச்சி உன்னைத் தாண்டிப் போச்சா?"

"நான் பார்க்கலையே..." பேக்கரிக்காரன் விழித்தான். "கடையில அடுப்பு எரியலைன்னு போன் வந்துச்சு. சிக்னல் விட்டு விட்டு வந்துச்சா, கொஞ்சம் திரும்பி நின்னு பேசினேன். அப்ப போயிருப்பாங்களோ?"

"நிக்கற இடத்துல போன் என்னடா போன்! உன்னை அங்க பொம்மையாவா நிறுத்தினேன்?"

"தப்புதாண்ணே."

கட்டிங் கழற்றிய ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

பல் டாக்டர் அம்மாதான் அதைச் சொன்னார், மெல்லிய குரலில். "பிரிவைத் தாண்டியாச்சு, இங்கயும் வரலைன்னா... நடுவுல நாலு வளைவு இருக்கு. பள்ளம்."

பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை யாரும் தொடவில்லை. வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டுச் சாலையோரமாக நடந்து இறங்கினார்கள், தடுப்புச் சுவரைப் பார்த்தபடி. கட்டிங் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. "நான் வண்டியில கீழ பிரிவு வரைக்கும் போய்ப் பார்க்கறேனே" என்றான்.

"நீ தனியா வண்டி எடுக்கக் கூடாது. இந்த நிலைமையில வேண்டாம்" என்று கேப்டன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. தைரியமா இரு."

அந்தக் கை தோளில் இருந்தவரை அவனால் நிமிர முடியவில்லை. மற்றவர்கள் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தபோது அவனும் எட்டிப் பார்த்தான். கீழே புதரும் பாறையும்தான். அங்கே அவள் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள், எல்லாரையும்விட அதிகமாகக் குனிந்து பார்த்தான். டாக்டர் அம்மா அவள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அவனும் கூப்பிட்டான். தன் குரல் தனக்கே அருவருப்பாகக் கேட்டது.

இரண்டாவது வளைவில் சுவரின் ஒரு கல் புதிதாகப் பெயர்ந்திருந்தது. கீழே புதரில் ஏதோ பளபளத்தது.

"ஐயோ" என்றான் பேக்கரிக்காரன். வேறு எதுவும் சொல்லவில்லை. சுவரைத் தாண்டிக் குதித்து, வேரைப் பிடித்துச் சரிவில் இறங்கத் தொடங்கினான். பத்தடி போவதற்குள் கால் சறுக்கியது. உள்ளங்கை பாறையில் உரசிக் கிழிந்தது. அப்படியும் நிற்கவில்லை. "நான்தானே பார்க்காம விட்டேன், நான்தானே" என்று முனகிக்கொண்டே இறங்கினான். பளபளத்தது ஒரு தகர டப்பா.

அதைத் தூக்கிக் காட்டியபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"ஏறி வாடா" என்றான் கட்டிங். "அங்க இல்ல அவ."

"இன்னும் கொஞ்சம் கீழ பார்த்துட்டு..."

"இல்லடா. ஏறி வா. நான் பிரிவைத் தாண்டறப்ப அவ அங்க வந்திருக்கவே இல்லை. நான் அவளை முந்திட்டு வந்துட்டேன்."

கேப்டன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப... தங்கச்சி முன்னாடி போச்சுன்னு சொன்னது?"

"பொய்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. டாக்டர் அம்மா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முனையை நோக்கி நடந்தார். கேப்டன் பேக்கரிக்காரனுக்குக் கை கொடுத்து மேலே தூக்கினார். பிறகு, "வண்டியை எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அவள் பிரிவிலேயே நின்றிருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தாள். பிரிவில் ஆள் இல்லையென்றால் நகரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஐம்பது நிமிடம் நகரவில்லை.

வண்டிகளைக் கண்டதும் எழுந்து நின்றாள். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், நிலவரம் புரிந்துபோயிற்று. பதினான்கு வருடக் குடித்தனம்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே" என்றாள் கேப்டனிடம். "நான்தான் போகச் சொன்னேன். என் பின்னாடி ஊர்ந்து வர்றது அவருக்கும் கஷ்டம்தானே?"

கேப்டன் தரையைப் பார்த்தார். தான் அங்கே சொன்ன பொய்யைவிட, இவள் இங்கே தனக்காகச் சொல்கிற பொய்தான் கட்டிங்கைச் சுட்டது.

"நீ சொல்லலை" என்றான். "அவங்களுக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்பறம் ஏன் இவ்ளோ நேரம்?" அவள் பார்வை பேக்கரிக்காரன் கையில் விழுந்தது. "அய்யய்யோ, கையில என்ன?"

அதையும் கட்டிங்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான், விழுங்கி விழுங்கி: முன்னால் போனாள் என்று சொன்னது, பள்ளத்தில் தேடியது, கல், தகர டப்பா, எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே தன் பையைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்தாள். பேக்கரிக்காரன் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"நான் பள்ளத்துல கிடக்கிறேன்னு இவங்க தேடினாங்களா?"

"ஆமா."

"நீங்களும் தேடினீங்களா?"

அவன் கையிலிருந்த சிவப்புத் துணியின் முடிச்சைத் தடவினான்.

"எட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவள் பஞ்சை வைத்து, துணி சுற்றி, முனையை நிதானமாக ஒட்டினாள். "எரியும் தம்பி, பொறுத்துக்கோ" என்றாள். பேக்கரிக்காரன், "எரியலைக்கா" என்றான், கண் கலங்க.

திரும்புகிற நேரம் வந்தது. வால் யார் என்று கேப்டன் கேட்கவே இல்லை. கட்டிங் தானாகவே கையிலிருந்த துணியை அவிழ்த்து டாக்டர் அம்மாவிடம் கொடுத்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் உன் பக்கத்துலயே வர்றேன்" என்றான் மனைவியிடம், மெதுவாக. "நாற்பதுலயே. முந்த மாட்டேன்."

"வேண்டாங்க. நீங்க முன்னாடி போங்க."

"கோபமா?"

"கோபம் வீட்டுக்குப் போய்." ஹெல்மெட் வாரை மாட்டினாள். "நீங்க முந்துற வரைக்கும், பின்னாடி நீங்க இருக்கீங்கன்னு நினைச்சுதான் காலையில வளைவெல்லாம் பயமில்லாம ஓட்டினேன். இப்ப அப்படி நினைச்சு ஓட்ட முடியலை. முன்னாடி போங்க. கண்ணுக்குத் தெரியிற மாதிரி போங்க."

அவன் முன்னால் போனான். முப்பத்தைந்தில். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹார்ன் அடித்தது, ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கி என்னவோ சொல்லிவிட்டுப் போனான். வளைவுக்கு வளைவு அவன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவள் சிறிதாக, தோள்கள் இறுகி, வந்துகொண்டிருந்தாள். ஒருமுறையாவது அவனைப் பார்ப்பாள் என்று ஏழு வளைவும் காத்திருந்தான். அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.