மகள் வண்டிக்கு ஒரு பாதை

"வண்டி நிறுத்த இடமே இல்லப்பா" என்று மகள் சொன்னதை மனுஷர் அப்படியே நம்பிவிட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவரிடம் இடமில்லை என்று யார் சொன்னாலும் நம்புவார். தொழில் புத்தி.

மகள் வேலை கிடைத்துத் தனியாகப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரில் ஒன்றரை மணி நேரம். மாதம் ஒரு தடவை வருவாள், தெருவில் நிறுத்துவாள், ஒரு மணி நேரம் உட்காருவாள், "தெருவுல விட்டுட்டுத் தங்க முடியாதுப்பா" என்று கிளம்பிவிடுவாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் இங்கே தூங்கி எழுந்ததில்லை. அவள் அறைக் கட்டிலில் விரிப்பு மட்டும் மாதாமாதம் மாறிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே சொல்கிற ஆளா அவர்?

ரிட்டயரான மறுவாரமே மண்வெட்டியைத் தூக்கினார். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் கான்கிரீட் பாதை, தன் கையாலேயே. கயிறு கட்டி அளந்ததைப் பார்த்து அவர் மனைவி வெளியே வந்தாள்.

"எவ்வளவு அகலங்க?"

"பதினாலு அடி."

"அவ வண்டி ஆறு அடிகூட இல்லையே."

"திருப்பும்போது பின்பக்கம் ஒதுங்க இடம் வேணாமா?"

நாலு பேர் நெருக்கி உட்காரும் குட்டிக் காருக்குப் பின்பக்கம் எங்கே இருக்கிறது, அது எங்கே போய் ஒதுங்குகிறது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. முன் தோட்டத்தில் முக்கால்வாசி போயிற்று. ஓரமாக ஒரு தக்காளிப் பாத்தி மட்டும் தப்பியது, அதுவும் அவள் குறுக்கே போய் நின்றதால்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். அரை அடி ஆழம் தோண்டினார். ஜல்லியைக் கொட்டி, இடுப்பு ஒடிய ஒடிய இடித்து இறுக்கினார். பக்கப் பலகை அடித்து, கம்பி வலை விரித்து, மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் தெருப் பக்கம் ஓட வாட்டம் வைத்தார். கலவை மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் கொட்டி முடித்தார். டயர் வழுக்காமலிருக்க, ஈரத்தோடு துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "விமானம் ஏதாவது வருதா?" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தார். டிரைவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு சாக்கு விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக் காயாமல் காக்கும் வேலை. பத்து நாளைக்கு வண்டி ஏறக்கூடாது. நாலாம் நாள் ஹோஸ் பைப்பும் கையுமாக நின்றவர், மனைவியிடம் தன் திட்டத்தைச் சொன்னார்.

"பத்து நாள் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை அவ வரட்டும். நான் கேட்டுல நின்னு, வா, வா, ஸ்டியரிங்கை ஒடி, லெஃப்ட்ல ஒடின்னு சொல்லிச் சொல்லி உள்ள எடுத்துடறேன்."

மனைவி போய்க் குழாயை மூடினாள்.

"அதுக்குத்தாங்க அவ தங்கறதே இல்ல."

"எதுக்கு?"

"நீங்க ஒடி ஒடின்னு சொல்றதுக்கு. போன தடவைகூட தெருவே வேடிக்கை பார்க்க, பன்னெண்டு தடவை முன்னாலயும் பின்னாலயும் எடுக்க வெச்சீங்க. லைசென்ஸ் யாரு குடுத்தான்னு கேட்டீங்க. திரும்பிப் போற வழியில பெட்ரோல் பங்குல நிறுத்தி அரை மணி நேரம் அழுதிருக்கா. எங்கிட்ட போன்ல சொன்னா."

"நான் எங்கடி கத்தினேன்? சொல்லித்தானே குடுத்தேன்!"

எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது. அவ்வளவு சத்தம். டிரைவருக்கே தன் சத்தம் காதில் விழுந்துவிட்டது.

குரலை இறக்கி, "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க மண்ணு வெட்ட ஆரம்பிச்சீங்களா, வீடு நிம்மதியா இருந்துச்சு."

குழாயை அவரே போய்த் திறந்து, மிச்ச இடத்துக்கும் தண்ணீர் ஊற்றினார். பெற்ற பெண்ணை அழவைத்து அனுப்பியிருக்கிறோமே என்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, அவரே அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். மனைவி அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். வண்டிச் சத்தம் கேட்டது. காதுக்கே எல்லாம் தெரிந்தது. கிளட்ச்சைத் தேய்க்கிறாள். ரிவர்ஸ் போட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் ரிவர்ஸ் போடுகிறாள். அவர் வாய் திறந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது.

மகள் வாசலில் வந்து நின்றாள். கையில் சாவி மட்டும்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அப்பா, ஒரு சக்கரம் இறங்கிடுச்சு. தக்காளி மேல."

சொல்லிவிட்டு, வரப்போகிற திட்டுக்குத் தயாராக நின்றாள்.

டிரைவர் வெளியே வந்து பார்த்தார். பதினாலு அடி கான்கிரீட் புத்தம் புதுசாகப் பரந்து கிடக்க, கார் அதன் மேல் கோணலாகப் படுத்திருந்தது. மூன்று சக்கரம் மேலே, ஒன்று பாத்தியில். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு நிறுத்தலை அவர் கண்டதில்லை. அவர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"இடம் பத்தலம்மா" என்றார். "இன்னும் ரெண்டடி சேர்த்துப் போட்டிருக்கணும். என் தப்பு."

எதிர்வீட்டுத் தையல்காரர், அளவெடுக்கிற தொழில்காரர், ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். பாதையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "கொஞ்சம் குறுகல்தான்."

பிறகு காரின் டிக்கியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பெரிய துணிப்பையை எடுத்தாள். நாலு நாளைக்கான துணி இருக்கும். கனமாக இருந்தது. அவர் பையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டார்.